மின்னணு மருத்துவப் பதிவேட்டில் ஒவ்வாமை

‘ஒவ்வாமை’ என்பது எதிர்மறைத் தொழிற்பெயர். ஒத்தல், பொருந்துதல், இயைதல் என்னும் பொருள்களைத் தரும் ‘ஒவ்வு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. மருத்துவத் தமிழ் இச்சொல்லை ‘அலர்ஜி’ என்பதற்கு நேராக எடுத்துக்கொண்டது. அலர்ஜி என்னும் சொல்லோ மிகப் பழையதன்று. வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே என்பார் 1906-ஆம் ஆண்டில் ‘வேறு’, ‘வினை’ எனப் பொருள்படும் இரு கிரேக்க வேர்களைச் சேர்த்து அதனை ஆக்கினார். உடல் வழக்கத்திற்கு மாறாக வினையாற்றுகிறது என்பது அவர் கருத்து. கிரேக்கச் சொல் உடலின் வினையைச் சுட்ட, நம் சொல் உடலுக்கும் புறப்பொருளுக்கும் இடையே உள்ள உறவைச் சுட்டுகிறது. உறவு என்று வந்தபின் யாருக்கு, எதனோடு, எப்பொழுது, எவ்வாறு என்னும் வினாக்களும் உடன் வருகின்றன. இவ்வினாக்களுக்கு விடையின்றி மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறும் ஒற்றைச் சொல் உயிரைக் காப்பதும் உண்டு. உயிர்காக்கும் மருந்தைத் தடுப்பதும் உண்டு. அதனை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

ஒருவர்க்கு இயைந்தது மற்றொருவர்க்கு இயையாமற் போதலைப் பண்டைய மருத்துவர்களும் கண்டிருந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த அர்-ராஸி, தம் காலத்து அறிஞராகிய அபூ ஸைது அல்-பல்கீ இளவேனிலில் ரோசா மலரின் மணம் பட்டதும் மூக்கில் நீர்வடிய வருந்தியதைப் பற்றித் தனியே ஒரு சிறுநூல் எழுதினார். அதே அர்-ராஸி தாம் பார்த்த நோயாளிகளைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்தவருமாவார். அவர்தம் மாணாக்கர் தொகுத்த ‘கிதாபுத் தஜாரிப்’ என்னும் நூலில் ஏறத்தாழ 900 நோயாளர் குறிப்புகள் உள்ளன. ஒவ்வாமையை உற்று நோக்கியவரும் நோயாளர் குறிப்பைப் பேணியவரும் ஒருவரே என்பது நம் மாணவர்கள் அறியத்தக்க செய்தி.

ஏட்டிலிருந்து கணிப்பொறிக்கு

நம் மருத்துவமனைகளில் ஒவ்வாமையைக் கேஸ் ஷீட்டின் தலைப்பில் சிவப்பு மையால் எழுதுவது வழக்கம். இன்றும் பல இடங்களில் அவ்வாறே எழுதுகின்றனர். அத்தாள் அம்மருத்துவமனையின் அலமாரியிலேயே தங்கிவிடும். நோயாளி வேறோர் ஊரில், வேறொரு மருத்துவரிடம், நள்ளிரவில் கொண்டு செல்லப்படும்போது அந்தச் சிவப்பு மை உடன்வருவதில்லை. மஞ்சள் பையில் பழைய சீட்டுகளையெல்லாம் கட்டிக்கொண்டு செல்லும் முதியவர்கள் இக்குறையை நன்கறிந்தவர்கள்.

மின்னணுப் பதிவேடு இக்குறையைப் போக்க வந்தது. நடுவண் நலவாழ்வு அமைச்சகம் இத்தகைய பதிவேடுகளுக்கான தரங்களை 2013-இல் வெளியிட்டு 2016-இல் திருத்தியமைத்தது. 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்டது. ‘ஆபா’ எனப்படும் 14 இலக்க எண்ணைப் பெற்ற ஒருவர், தாம் இசைவு தந்தால், இத்திட்டத்தில் இணைந்த ஒரு மருத்துவமனையின் பதிவுகளை மற்றொரு மருத்துவமனை காணச் செய்யலாம். பெரும் வசதிதான். ஆயினும் தாளில் எழுதிய பிழை ஓர் அலமாரியோடு நின்றது; கணிப்பொறியில் எழுதிய பிழை எண்ணோடு கூடவே பயணம் செய்யும்.

‘சேராது’ என்னும் சொல்

சென்ற ஆண்டு என் பெரியம்மாவை மருத்துவமனையில் சேர்க்க உடன் சென்றிருந்தேன். கணிப்பொறியின் முன் அமர்ந்திருந்த செவிலியர், “பாட்டி, உங்களுக்கு அலர்ஜி எதுவும் உண்டா?” என்று வினவினார். “கத்தரிக்காய் சேராதும்மா. கருவாடு சேராது. பென்சிலின் ஊசி ஆகவே ஆகாது” என்றார் பெரியம்மா. முதல் இரண்டையும் புன்னகையோடு கேட்டுக்கொண்ட செவிலியர் மூன்றாவதில் நிறுத்தினார். “ஊசி போட்டதும் என்ன செய்தது, பாட்டி?” “எனக்கெங்கே போட்டார்கள்? எங்க அக்காவுக்குப் போட்டு மயக்கம் வந்தது. அதிலிருந்து எங்க வீட்டில் யாருக்கும் போட விடுவதில்லை.”

அச்செவிலியர் அந்த இரண்டாம் வினாவைக் கேளாதிருப்பாராயின், தம் வாழ்நாளில் பென்சிலினையே பெற்றறியாத ஒருவர் பதிவேட்டில் ‘பென்சிலின் ஒவ்வாமை உடையவர்’ ஆகியிருப்பார்.

‘சேராது’, ‘ஆகாது’, ‘ஒத்துக்கொள்ளாது’ என்னும் நம் பேச்சு வழக்குச் சொற்கள் பல பொருள் ஒரு சொற்கள். உண்மையான ஒவ்வாமையில் உடலின் எதிர்ப்பாற்றல், தீங்கற்ற பொருளொன்றைப் பகையெனக் கருதிப் போரிடுகிறது. மருந்து உட்சென்ற சில நிமிடங்களில், அல்லது ஒருமணி நேரத்திற்குள், தோலெங்கும் தடிப்பு, உதடும் தொண்டையும் வீங்குதல், மூச்சிளைப்பு, இரத்த அழுத்தம் சரிதல் ஆகியன தோன்றலாம். உடனே அட்ரினலின் ஊசி செலுத்தாவிடில் உயிர் பிரியலாம். வேறு சில ஒவ்வாமைகள் நாட்கள் பல கழிந்தபின் வெளிப்படும். சல்பா மருந்துகள் முதலியவற்றால் சிலருக்குத் தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாகும் கொடிய நிலை இவ்வகையைச் சார்ந்தது.

மாறாக, ஆஸ்பிரின் உண்டபின் நெஞ்செரிதல், மெட்ஃபார்மின் உண்டபின் வயிறு கலங்குதல், இரத்த அழுத்தத்திற்காக எனாலாபிரில் உண்பவருக்கு வறட்டிருமல் வருதல் ஆகியவை பக்க விளைவுகள். இவை எதிர்ப்பாற்றலின் போரல்ல. அளவைக் குறைத்தோ, உணவோடு சேர்த்தோ, வேறு மருந்து மாற்றியோ இவற்றைச் சமாளிக்கலாம். இவையும் பதியத்தக்கனவே, ஆனால் ஒவ்வாமை என்று பதியத்தக்கன அல்ல. நல்ல பதிவேட்டு மென்பொருள்கள் ‘ஒவ்வாமை’, ‘தாங்காமை’ என இரண்டு வகை வைத்திருப்பது இதனாலேயே. நோயாளியோ இவை அனைத்தையும் ‘சேராது’ என்னும் ஒரு சொல்லாலேயே கூறுவார். அவரைக் குறை கூறுதல் தகாது. கேட்பவர் பிரித்துக் கேட்டல் வேண்டும்.

வினைமுற்றும் பதிவும்

ஒரு வினைமுற்று ஆறு பொருள்களை உணர்த்தும் என்று நன்னூல் வகுக்கும். செய்பவர், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள் என்பன அவை. ஒவ்வாமைப் பதிவுக்கு இவ்விலக்கணத்தை அப்படியே பொருத்துதல் மிகையாகலாம். எனினும் அதன் நோக்கம் இங்கே பயன்படும். ‘பென்சிலின்’ என்று மட்டும் எழுதுவது பெயரை எழுதி வினையை விட்டுவிடுவது போன்றது. எந்த மருந்து, வாய்வழியா ஊசிவழியா, எந்த நோய்க்காக, எத்தனை நாழிகையில், என்ன நேர்ந்தது, எந்த ஆண்டில், யார் கண்டது, யார் சொல்லக் கேட்டது ஆகியன இருந்தால்தான் பின்னாளில் அதைப் படிக்கும் மருத்துவர் முடிவெடுக்க இயலும்.

இங்கிலாந்தின் ‘நைஸ்’ நிறுவனம் 2014-இல் வெளியிட்ட மருந்து ஒவ்வாமை வழிகாட்டுதல் ஏறத்தாழ இதையே வற்புறுத்துகிறது. மருந்தின் பெயர், தோன்றிய அறிகுறிகள், அவற்றின் கடுமை, நேர்ந்த நாள் ஆகியவை குறைந்த அளவிலேனும் பதிவில் இடம்பெற வேண்டும் என்பது அதன் கருத்து. அவ்வழிகாட்டுதலில் மொழியாசிரியர் என்ற முறையில் என்னைக் கவர்ந்த பகுதி ஒன்றுண்டு. ஒவ்வொருவருடைய ஒவ்வாமை நிலையையும் மூன்று தொடர்களில் ஒன்றால் குறிக்க வேண்டும் என்கிறது அது: மருந்து ஒவ்வாமை உண்டு, அறிந்தவரையில் இல்லை, அறிய இயலவில்லை. வெற்றிடம் விடுதற்கு இடமே இல்லை. வெற்றிடத்தைக் காணும் மருத்துவர், ‘ஒவ்வாமை இல்லை’ என்று கொள்வதா, ‘கேட்கவில்லை’ என்று கொள்வதா? நினைவிழந்து கொண்டுவரப்பட்டவரிடம் யாரும் கேட்டிருக்க முடியாது. இன்மைக்கும் அறியாமைக்கும் உள்ள வேறுபாட்டைப் பதிவேடு காட்டியாக வேண்டும். ‘அறிய இயலவில்லை’ என்று எழுதப்பட்டது, உறவினர் வந்தவுடனோ நோயாளி நினைவு தெளிந்தவுடனோ மாற்றப்பட வேண்டும்.

கணிப்பொறிக்கு மற்றுமொரு தேவை உண்டு. குறிப்புரைப் பகுதியில் ‘செப்ட்ரான் ஆகாது’ என்று தட்டச்சு செய்தால் மனிதர் படித்தறிவர், இயந்திரம் அறியாது. மருந்துப் பட்டியலில் தேடி, அதற்குரிய குறியீட்டோடு தேர்ந்தால்தான், செப்ட்ரானும் பாக்ட்ரிமும் கோ-ட்ரைமாக்சசோல் என்னும் ஒரே கூட்டு மருந்தின் இரு வணிகப் பெயர்கள் என்பதைக் கணிப்பொறி உணர்ந்து எச்சரிக்கும். ஆக்மென்டினுக்குள் இருக்கும் அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பத்தைச் சார்ந்தது என்பதையும் அவ்வாறே சுட்டிக்காட்டும். நம் நாட்டில் ஒரு மருந்துக்கு வணிகப் பெயர்கள் எண்ணிலடங்கா. ஆகவே மாத்திரையின் அட்டையைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொண்டு காட்டுதல் நலம். வணிகப் பெயரோடு பொதுப்பெயரும் அதில் அச்சிடப்பட்டிருக்கும்.

பொய்ப்பதிவின் தீங்கு

‘ஐயமிருந்தால் ஒவ்வாமை என்றே எழுதிவிடுவோம், அதனால் என்ன கேடு?’ என்று சிலர் கருதலாம். கேடு உண்டு.

அமெரிக்காவில் மக்களில் பத்தில் ஒருவர் அளவில் பென்சிலின் ஒவ்வாமை உடையவர் எனப் பதிவாகியுள்ளனர். முறைப்படி சோதித்துப் பார்த்தால் அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அம்மருந்தை இடரின்றி ஏற்கின்றனர். காரணங்கள் பல. குழந்தைப் பருவத்தில் நச்சுயிரிக் காய்ச்சலுக்கு நடுவே அமாக்சிசிலின் கொடுக்கப்பட்டிருக்கும். காய்ச்சலால் வந்த தடிப்பு மருந்தின்மேல் ஏற்றிச் சொல்லப்பட்டிருக்கும். உண்மையான ஒவ்வாமையும் காலப்போக்கில் தேய்வதுண்டு. உடனடி ஒவ்வாமை கொண்டிருந்தவர்களுள் நூற்றுக்கு எண்பது பேர் அளவில், பத்தாண்டுகள் கழிந்தபின் அதனை இழந்துவிடுகின்றனர். உடல் மறந்துவிட்டது, பதிவேடு மறக்கவில்லை.

பென்சிலின் தடுக்கப்பட்டவருக்கு வேறு மருந்து தரப்படுகிறது. அது பெரும்பாலும் விரிவான வீச்சுடையது, விலை மிகுந்தது, சில வேளைகளில் ஆற்றல் குறைந்தது. இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர்தம் மின்னணுப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2018-இல் வெளிவந்த ஆய்வொன்று, பென்சிலின் ஒவ்வாமை எனப் பதிவானவர்களுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும் மருந்துக்கு அடங்காத நுண்ணுயிரித் தொற்று நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 69 அளவு கூடுதலாக இருந்தது என்று கண்டது.

நம் நாட்டுக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்று கூறலாம். ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்ட சிறுவர்க்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடப்படுகிறது. ஆண்டுகள் பல தொடர வேண்டிய மருத்துவம் இது. ‘ஊசி போட்டபோது மயக்கம் வந்தது’ என்பதற்காக, அது ஊசிக்கு அஞ்சிய மயக்கமா ஒவ்வாமையா என்று ஆராயாமல் பதிந்துவிட்டால், அச்சிறுவன் நாள்தோறும் இருவேளை மாத்திரை விழுங்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறான். தவறாமல் விழுங்குவானா என்பது பெற்றோர் அறிந்ததே. விடுபட்டால் காய்ச்சல் மீளும். வால்வு மேலும் கெடும். கருவுற்ற பெண்ணுக்கு மேகநோய் இருப்பின் பரிந்துரைக்கப்படும் மருந்து பென்சிலின் ஒன்றே. ஒவ்வாமை உடையவருக்கும் உடலைப் படிப்படியாகப் பழக்கி அதனையே தருகின்றனர். பொய்ப்பதிவு அங்கே எத்துணைச் சிக்கலை உண்டாக்கும் என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

கடற்கரை ஊர்களில் மற்றொரு வகைப் பொய்ப்பதிவு வழங்குகிறது. ‘இறால் சேராது’ என்பவருக்கு அயோடின் ஒவ்வாது என்று தாமே ஊகித்து எழுதிவிடுகின்றனர்; பின்னர் சி.டி. ஸ்கேன் எடுக்கையில் நரம்பில் செலுத்தும் அயோடின் கலந்த சாய மருந்துக்குத் தடை எழுகிறது. இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதன் தசையிலுள்ள புரதம், அயோடின் அன்று. ‘இறால்’ என்று மட்டும் எழுதுவதே முறை.

நம் சமுதாயத்தைச் சார்ந்த செய்தி ஒன்றையும் இங்குக் குறித்தல் தகும். பன்றியிலிருந்து பெறும் பொருள்களை விலக்குவோர் இருத்தலால், சில மருத்துவமனைகளில் உணவுப்பிரிவுக்குத் தெரிவிக்கும் பொருட்டு அதனையும் ஒவ்வாமைக் கட்டத்திலேயே பதியும் பழக்கம் உண்டு. நல்லெண்ணத்தால் செய்வதே. ஆனால் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. அவசர வேளையில் அக்கட்டத்தைப் பார்க்கும் மருத்துவர், இது உடலின் மறுப்பா, மனத்தின் மறுப்பா என்று தடுமாறுவார். மார்க்க நெறியால் விலக்குவதை அதற்குரிய தனிக்கட்டத்தில் எழுதச் சொல்வதும், மாற்று உண்டா என்று மருத்துவரிடம் நேரே வினவுவதும் நம் உரிமை. ஒவ்வாமைக் கட்டம் அதற்குரிய இடமன்று.

இவ்வாறு வேண்டாதவை சேரச்சேர எச்சரிக்கைகள் பெருகுகின்றன. அமெரிக்காவின் இரு பெரிய போதனா மருத்துவமனைகளில் செய்யப்பட்ட ஆய்வின்படி, மருந்து ஒவ்வாமை பற்றிக் கணிப்பொறி விடுத்த எச்சரிக்கைகளுள் மருத்துவர் புறக்கணித்தவை 2004-இல் நூற்றுக்கு 83 ஆகவும், 2013-இல் 87-க்கு மேலாகவும் இருந்தன. பெரும்பாலானவை பொருளற்றவையாக இருப்பதால் விரல் தானே அவற்றைத் தள்ளிவிடப் பழகுகிறது. உயிரைக் காக்கும் ஓர் எச்சரிக்கையும் அக்கூட்டத்தில் தள்ளப்படலாம்.

பெயர்க் குழப்பம்

சரியான ஒவ்வாமை தவறான ஆளின் பதிவில் ஏறுவதும் உண்டு. நம் ஊர்களில் ஒரே தெருவில் நான்கு முகமது இப்ராஹிம்கள் இருத்தல் இயல்பு. தலையெழுத்தும் ஒன்றாக அமைதல் அரிதன்று. பாத்திமா என்னும் பெயரை ஆங்கிலத்தில் நால்வர் நால்வகையாக எழுதுவர். ஒருவரே இரண்டு மருத்துவமனைகளில் இரண்டு எழுத்துக்கூட்டலில் பதிவாகி, ஒன்றில் ஒவ்வாமையும் மற்றொன்றில் வெற்றிடமும் கொண்டிருப்பார். பிறந்த நாளைக் கொண்டு பிரித்தறியலாம் என்றால், முதியவர் பலருக்குப் பள்ளியிலோ அட்டையிலோ வசதிக்காக இட்ட சனவரி முதல் நாளே பிறந்த நாள்! ஆகவே பெயரோடு எண்ணையும், தந்தை அல்லது கணவர் பெயரையும், தெருவையும் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுதல் வேண்டும். பதிபவர் கேட்காவிடினும் நாம் சொல்லலாம்.

புதுப்பித்தலும் நீக்கலும்

ஒவ்வாமைப் பதிவு ஒருமுறை எழுதி முடிப்பதன்று. ஒவ்வொரு சேர்க்கையின்போதும், புது மருந்து எழுதும்போதும், வீடு திரும்பும்போதும் மீண்டும் கேட்டல் முறை. அந்நாளில் எதுவும் மாறவில்லையாயினும் ‘சரிபார்க்கப்பட்டது’ என நாளிட்டுக் குறித்தல் வேண்டும். சேர்ப்பதில் காட்டும் ஊக்கத்தை நீக்குவதில் யாரும் காட்டுவதில்லை என்பது இத்துறையினர் பலரும் கூறும் குறை. நீக்குதற்குப் பொறுப்பேற்க அஞ்சுகின்றனர், அச்சம் இயல்பே.

எனினும் வழி உண்டு. பழைய நிகழ்ச்சியை வினாக்களால் ஆராய்ந்து, இடர் குறைந்தவர் எனத் தெளிந்தால், மருத்துவர் கண்காணிப்பில் வாய்வழியாக மருந்தைத் தந்து பார்க்கலாம். வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆறு மையங்களில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வில், இடர் குறைந்த 377 பேர் இரு குழுவாக ஆராயப்பட்டனர். முதலில் தோல் சோதனை செய்யப்பட்ட குழுவிலும், நேரே வாய்வழி மருந்து தரப்பட்ட குழுவிலும் ஒவ்வொருவருக்கு மட்டுமே ஒவ்வாமை வெளிப்பட்டது. தோல் உரிந்தவர், மூச்சுத் திணறியவர் போன்றோர் இதற்கு உரியரல்லர். வீட்டில் தாமே தின்று பார்த்தல் எவர்க்கும் கூடாது.

சோதனையில் தேறியவரின் பழைய பதிவை அழித்துவிடுதல் சரியன்று. மருத்துவப் பதிவுகளைப் பரிமாறுதற்கு உலகளவில் வழங்கும் ‘ஃபயர்’ என்னும் தரம், ஒவ்வாமைக்கு ‘உறுதி செய்யப்படாதது’, ‘உறுதியானது’, ‘மறுக்கப்பட்டது’, ‘தவறாகப் பதிந்தது’ எனத் தனித்தனி நிலைகளை வைத்துள்ளது. முகமது இப்ராஹிம் ஒருவரின் ஒவ்வாமை மற்றொருவருக்கு ஏறியிருந்தால் அது ‘தவறாகப் பதிந்தது’. சோதித்துத் தெளிந்தது ‘மறுக்கப்பட்டது’. அழித்துவிட்டால் அடுத்த மருத்துவமனையிலிருந்து, அல்லது நோயாளியின் வாயிலிருந்தே, பழைய சொல் மீண்டும் வந்து பதிவேட்டில் ஏறும். ‘மறுக்கப்பட்டது’ என்று நாளோடு நின்றால், அதைக் காண்பவர் நோயாளிக்கும் எடுத்துச் சொல்லலாம்.

நோயாளியின் வாயில் பழைய சொல் தங்குவதற்குக் காரணம் அவர் கையில் தரப்படும் தாள் ஆங்கிலத்தில் இருப்பது. கணிப்பொறி எந்த மொழியிலும் அச்சிடும். ஒவ்வாமைப் பகுதியையாவது தமிழில் இரண்டு வரியாக அச்சிட்டுத் தருதல் அரிய செயலன்று. எடுத்துக்காட்டாக இவ்வாறு அமையலாம்: ‘அமாக்சிசிலின் மாத்திரை: 1984-இல், ஆறு வயதில், காய்ச்சலின்போது இரண்டாம் நாள் உடலில் தடிப்பு, மூச்சுத் திணறல் இல்லை, தாயார் கூறியது. 2024-இல் மருத்துவர் முன்னிலையில் கொடுத்துப் பார்த்ததில் எதுவும் நேரவில்லை. இம்மருந்து இவருக்குத் தரலாம்.’